விற்ற மாட்டின் கயிறு

கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையை ஒரு முறையேனும் சுற்றி வந்தவர்களுக்கு, அங்கே விலை பேசப்படுவதை யாரும் காதால் கேட்பதில்லை என்பது தெரிந்திருக்கும். விற்க வந்தவர் தம் வலக்கையை நீட்ட, தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அந்தக் கையின் மேலும் தம் கையின் மேலும் போட்டு மூடிக்கொள்ள, துணிக்கு அடியில் விரல் விரலைப் பற்றி ஆயிரத்தையும் நூற்றையும் சொல்லிக்கொண்டிருக்க, மேலே இரண்டு முகங்களும் ஒன்றுமே நடவாததுபோல் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைத் தேடிப் பார்த்து, நாலடி நடக்கவிட்டுப் பார்த்து, பேரம் படிந்து, துண்டு உதறப்பட்டதும் பணம் கைமாறும், மாடும் கைமாறும், மாட்டைக் கட்டிக் கொண்டுவந்த கயிறு மட்டும் கைமாறாது. கயிற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் தொழுவத்து லட்சுமி அதன் பின்னாலேயே போய்விடுவாள் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. வாங்கியவர் தாம் கொண்டுவந்த புதுக் கயிற்றைப் பூட்டி மாட்டை ஓட்டிச் செல்ல, விற்றவர் பழைய கயிற்றோடு ஊர் திரும்புவார்.

1982-ஆம் வருஷம், அப்போது வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்த எங்கள் ஊர்ச் சந்தையில், அப்படிக் கயிறும் கையுமாக நின்ற ஒருவரை நான் அவருக்குத் தெரியாமல் படம் எடுத்தேன். எனக்கு வயது இருபத்திரண்டு. ஒரு ஸ்டூடியோவில் ஹைப்போ கரைக்கவும், பாஸ்போர்ட் படங்களை வெட்டி உறையில் போடவும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன். முதலாளியின் தயவால் அன்றைக்கு என் கழுத்தில் தொங்கியது ஒரு 'யாஷிகா' காமிரா. மேலொன்று கீழொன்றாக இரண்டு லென்ஸ் உள்ளது. அதன் விசேஷம் என்னவென்றால், கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. வயிற்றோடு வைத்துக்கொண்டு, மேல் மூடியைத் திறந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து பார்க்க வேண்டும். எதிரே நிற்பவர், இந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எண்ணிக்கொண்டிருக்கிறான் என்றுதான் நினைப்பார். அந்தக் கண்ணாடியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். அவர் கயிற்றைப் பிடித்திருந்தது எந்தக் கையில் என்று நான் தடுமாறியது இன்றும் நினைவிருக்கிறது. மாடு போன வழியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அவர் கையிலிருந்து தழைந்து, மண்ணில் ஒரு சுற்றுச் சுற்றி, சட்டத்தின் ஓரம் வரை போயிற்று. பன்னிரண்டு படம் எடுக்கக்கூடிய 'ஆர்வோ' சுருளில் கடைசிப் படம் அது.

இப்படி எடுக்கும் படத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கேண்டிட்' என்ற சொல், இன்று நம் கல்யாண மண்டபங்களில் நாதஸ்வரத்தைப்போலவே சகஜமாகிவிட்டது. 'டிரடிஷனலு'க்கு ஒருவர், 'கேண்டிடு'க்கு ஒருவர் என்று தனித்தனியே முன்பணம் கொடுக்கிறோம். மணப்பெண் ஜன்னல் ஓரத்தில் நின்று, யாரும் பார்க்காதபோது சிரிப்பதுபோல் சிரிக்கிறாள். அந்தப் படங்களில் அழகு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொல் பிறந்த கதை வேறு. எரிக் சாலமன் என்ற ஜெர்மானியர், சட்டம் படித்தவர், 1928-இல் பெர்லின் நீதிமன்றம் ஒன்றில் தம் தொப்பிக்குள் 'எர்மனாக்ஸ்' என்ற சிறு காமிராவை ஒளித்து வைத்துக்கொண்டு, விளக்கு வெடிக்காமல், அறை வெளிச்சத்திலேயே கொலை விசாரணையைப் படம் எடுத்தார். பிறகு ராஜதந்திரிகளின் மகாநாடுகளில் நுழைந்து, நள்ளிரவில் களைத்துக் கோட் பித்தானைக் கழற்றிச் சாய்ந்து கிடந்த மந்திரிகளை எடுத்தார். லண்டனிலிருந்து வெளிவந்த 'கிராஃபிக்' என்ற வாரப் பத்திரிகை அவர் படங்களை வெளியிட்டபோதுதான் 'கேண்டிட்' என்ற அடைமொழி காமிராவோடு ஒட்டிக்கொண்டது. ஆக, சொல்லைக் கொடுத்தது காமிரா அல்ல, பத்திரிகை. யூதராகப் பிறந்த குற்றத்துக்காக அந்த மனிதர் 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார் என்பதையும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பெரிய மனிதர்களைத் திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதில் ஒரு நியாயம் உண்டு; அவர்கள் பொதுவாழ்வில் இருப்பவர்கள், காட்டிக்கொள்ளும் முகம் ஒன்றும் உண்மை முகம் ஒன்றும் வைத்திருப்பவர்கள், இரண்டாவதை ஜனங்கள் பார்க்கத்தான் வேண்டும். மாட்டை விற்றுவிட்டு நிற்கும் குடியானவருக்கு இரண்டு முகம் ஏது? அவரை எதற்காக ஒளிந்து எடுக்க வேண்டும்? அவரிடம் சொல்லிவிட்டு எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஸ்டூடியோவில் தினமும் பாடம் கிடைத்துக்கொண்டிருந்தது. காமிராவைக் கண்ட மாத்திரத்தில் நம் ஜனங்கள் மூச்சை உள்ளே இழுத்து, கைகளை விலாவோடு ஒட்டி, கண்ணை அகல விரித்து நிற்பார்கள்; துக்கமும் சந்தோஷமும் முகத்தைவிட்டு ஒரே சமயத்தில் இறங்கிப் போய்விடும். அதைக் குறை என்று நான் எண்ணவில்லை. தன்னைப் பற்றிய ஒரு மரியாதையான பிரதிமையை விட்டுச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் அது. ஆனால் கயிற்றைப் பிடித்தபடி மாடு போன திசையைப் பார்க்கும் பார்வை அந்தப் பிரதிமையில் இராது.

அன்றிரவே சுருளைக் கழுவினேன். ஸ்டூடியோவின் பின்கட்டில், சிவப்பு விளக்கின் கீழ், புரோமைடு காகிதத்தை மருந்துத் தட்டில் அமிழ்த்தித் தட்டை ஒரு மூலையில் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தால், முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு வேட்டியின் மடிப்பு ஒரு சாம்பல் கோடாக எழும்பும், அதன் பிறகு மீசை, கடைசியில்தான் கண். அவர் முகம் திரவத்துக்கு அடியிலிருந்து என்னை நோக்கி வந்தபோது, ஒரு வேலியைத் தாண்டிக் குதித்து அடுத்தவர் தோட்டத்துக்குள் நிற்பவனைப்போல் எனக்கு உடம்பு ஒரு தரம் குன்றியது. இருந்தாலும் மறுநாளே அந்தப் படத்தைச் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, பஸ் நிலையத்துக் கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய இதழ் ஒன்றைப் பிரித்துப் பார்க்கையில் அது இருந்தது. அச்சில் தன் படத்தை முதன்முதலாகப் பார்ப்பவனுக்கு நேர்வது என்ன என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. இரண்டாம் பார்வையில்தான் படம் சதுரமாக இல்லை என்பதைக் கவனித்தேன். பத்தியின் அகலத்துக்குப் பொருந்தும்படி அதை முழங்கைக்கு அப்பால் வெட்டிவிட்டிருந்தார்கள். கயிறு போய்விட்டது. கயிறு போனபின், கண்ணை இடுக்கிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்க்கும் ஒரு கிராமத்து முகம்தான் மிஞ்சியது. அதற்குக் கீழே, "தீப தரிசனத்துக்காக மலையை நோக்கிக் காத்திருக்கும் பக்தர்" என்று ஒரு வரி. அவர் மலையைப் பார்க்கவில்லை. மலை அவருக்குப் பின்னால் இருந்தது. யார் செய்த பிசகு என்று இப்போது ஆராய்ந்து பயனில்லை. அவசரத்தில் ஃபாரம் முடிக்கிறவர்களுக்குப் படம் என்பது ஒரு இடைவெளியை அடைக்கும் பொருள், அவ்வளவுதான். பதினைந்து ரூபாய் மணியார்டர் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அந்த இதழை வீட்டுக்குக் கொண்டுபோய், நெகடிவ் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, முகம் மறைந்து வெறும் புள்ளிகள் ஆயிற்று. அது பிளாக் எடுத்து அச்சிடும் காலத்தின் கடைசி. ஃபோட்டோவில் உள்ள சாம்பல் நிறம் எதையும் அச்சு யந்திரத்தால் அப்படியே பதிக்க முடியாது. அதற்குத் தெரிந்தது மை உண்டு, மை இல்லை என்ற இரண்டுதான். ஆகவே படத்தை ஒரு சல்லடைக் கண்ணாடி வழியாக மறுபடி படம் எடுத்து, உலோகத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்து, நிழல் விழுந்த இடத்தில் பெரிய புள்ளியாகவும் வெளிச்சமான இடத்தில் சிறு புள்ளியாகவும் மாற்றிவிடுவார்கள். நல்ல ஆர்ட் பேப்பரில் அங்குலத்துக்கு 133 வரிசை வரை நுணுக்கமாகப் போகலாம்; நியூஸ் பிரிண்டில் 65-ஐத் தாண்டினால் மை ஊறிப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கண் என்று நாம் பார்ப்பது ஏழெட்டுப் புள்ளி. இந்த முறையில் ஒரு ஃபோட்டோவை முதன்முதலில் அச்சிட்ட தினசரிகளுள் ஒன்று நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்'. 1880 மார்ச் 4-ஆம் தேதி அது வெளியிட்ட படம் மன்னரையோ யுத்தத்தையோ காட்டவில்லை. அந்நகரத்தின் ஏழைகள் வாழ்ந்த குடிசைப் பகுதியைக் காட்டியது. சாமானியரின் வாழ்வு அச்சு யந்திரத்துக்குள் புள்ளிகளாக நுழைந்தது அன்றைக்கு. அந்தக் குடிசைகளில் இருந்தவர்களுள் எத்தனை பேர் மறுநாள் பத்திரிகையைப் பார்த்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

எங்கள் ஊருக்கும் படம் எடுக்கும் இந்தக் கலைக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ரமண மகரிஷி சித்தியடைந்த 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு, ஆசிரமத்துக்கு அருகில் தங்கியிருந்தவர்களுள் ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன் ஒருவர். அதற்குச் சில தினங்களுக்கு முன்புதான் மகரிஷியின் கடைசிப் படங்களை எடுத்திருந்தார். அன்றிரவு வானத்தில் ஒரு ஜோதி மெல்ல நகர்ந்து மலை உச்சியை நோக்கிச் சென்றதைக் கண்டு கடிகாரத்தைப் பார்த்தபோது மணி 8.47 என்று அவர் சொன்னதை ஆசிரம நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. இரண்டு வருஷம் கழித்து, 1952-இல், பாரிஸில் தெரியாத் என்பவர் அவருடைய படங்களைப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். அட்டைக்கு வர்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டிச் சித்திரம் அமைத்தவர் ஓவியர் மத்தீஸ். புள்ளி தெரியாமல், மையின் கனத்தாலேயே நிழலைக் காட்டும் கிரவ்யூர் முறையில் அது அச்சாயிற்று. அமெரிக்கப் பதிப்பு, 'நிர்ணயமான க்ஷணம்' என்று பொருள்படும் தலைப்போடு வந்தது. உலகம் முழுவதும் பிரசித்தமானது அந்தத் தலைப்புத்தான். பிரெஞ்சுத் தலைப்போ 'இமாஜ் ஆ லா சொவெத்'. லைசென்ஸ் இல்லாமல் தெருவோரத்தில் துணியை விரித்துச் சரக்குப் பரப்பி, போலீஸ் தலை தெரிந்ததும் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருக்கிறானே, அவன் செய்யும் வியாபாரத்தைச் சொல்வதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வழங்கும் தொடர் அது. எனக்கு இந்தத் தலைப்பே பிடிக்கிறது. நிர்ணயமான க்ஷணம் என்று சொல்லும்போது எடுத்தவன் ஞானியாகிவிடுகிறான்; சொவெத் என்று சொல்லும்போது அவன் தெருவில் நிற்கிறான், மடியில் ஏதோ வைத்திருக்கிறான், பிடிபடக் கூடியவனாக இருக்கிறான். பிரகாசமாகத் தெரியும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்த 'லைக்கா'வோடு உலகைச் சுற்றியவருக்கு அந்த உண்மை தெரிந்திருந்தது.

மறைத்த கையைப் பற்றிப் பேசும்போது, எனக்கு ஆசான் என்று நான் எண்ணும் வாக்கர் இவான்ஸைப் பற்றிச் சற்றுச் சாவகாசமாகச் சொல்ல வேண்டும். 1936-இல், அலபாமா மாகாணத்துப் பருத்திக் காட்டில் குத்தகைக் குடியானவர் மூவரின் வீடுகளில் அவர்களை நேருக்கு நேர் நிறுத்திப் படம் எடுத்தவர் அவர். கூடச் சென்ற ஜேம்ஸ் ஏஜி எழுதியதும் இவர் எடுத்ததும் 1941-இல் ஒரே நூலாக வந்தபோது, அக்குடும்பங்களின் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன. படங்களுக்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. அதே மனிதர் 1938-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் நியூயார்க் நகரத்துச் சுரங்க ரயிலில் ஏறினார். 'காண்டாக்ஸ்' காமிராவின் பளபளப்பான பாகங்களுக்கெல்லாம் கறுப்புச் சாயம் அடித்து, அதை மார்போடு கட்டி, மேலே கனத்த கோட்டைப் போட்டு, இரண்டு பித்தான்களுக்கு இடையில் லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி செய்து, விசையை அமுக்கும் கம்பியைக் கோட்டின் கைக்குள் நுழைத்து உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, எதிர்ப் பெஞ்சில் யார் வந்து உட்காருகிறார்களோ அவர்களை எடுத்தார். பார்த்து எடுக்க வழியில்லை. ஃபோகஸ் செய்ய வழியில்லை. வெளிச்சம் ரயில் பெட்டியின் மங்கல் வெளிச்சம். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வண்டி ஆடிக்கொண்டே போகையில், ஐந்து சென்ட் கொடுத்து ஏறியவர் எவராயினும் சரி, அவரை ஏற்றுக்கொள்வது என்று விரதம் பூண்டவரைப்போல் அவர் உட்கார்ந்திருந்தார். ஹெலன் லெவிட் என்ற இளம்பெண், பின்னால் தெருக் குழந்தைகளைப் படம் எடுத்துப் புகழ்பெற்றவர், பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து துணை செய்தார். தனியாக ஒருவன் கையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு எதிரே வெறித்துப் பார்த்தால் சந்தேகம் வரும், இருவராகப் பேசிக்கொண்டு வந்தால் வராது.

1941 வரை இப்படி அறுநூறுக்கு மேல் எடுத்தார். அவற்றைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. தொப்பி வைத்த மாதர், பத்திரிகையைப் பிரித்துவிட்டு அதைப் படிக்காமல் எங்கோ போய்விட்ட கிழவர், அக்கார்டியன் வாசித்துக்கொண்டே பெட்டியின் நடுவே நடந்து வரும் கண்ணிழந்த மனிதர். தூங்கும்போது மனிதன் இப்படி இருப்பதில்லை, பேசும்போதும் இப்படி இருப்பதில்லை. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராத அந்தச் சிறுபொழுதில் மாத்திரம் முகம் இப்படிக் கீழிறங்கி நிற்கிறது. இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு இவான்ஸ் என்ன செய்தார்? ஏஜி 1940-லேயே முன்னுரை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் நூல் வரவில்லை. தெரியாமல் பிடிபட்ட இம்மனிதர்களின் அந்தரங்கத்துக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக நினைத்து, காலம் கொஞ்சம் நடுவில் ஓடட்டும் என்று அவர் அவற்றை வைத்திருந்தார். ஏஜி 1955-இல் இறந்துபோனார். இடையில் சில படங்கள் மட்டும் பத்திரிகைகளில் தலைகாட்டின. 1966-இல்தான், எடுக்க ஆரம்பித்து இருபத்தெட்டு வருஷம் கழித்து, எண்பத்தொன்பது படங்களோடு 'மெனி ஆர் கால்ட்' வெளிவந்தது. தலைப்பு சுவிசேஷத்திலிருந்து எடுத்தது. குளிரில் சுருண்டு உட்கார்ந்திருந்த இளம்பெண் அதற்குள் பேரன் எடுத்திருப்பாள். கிழவர் மண்ணுக்குப் போயிருப்பார். இருபத்திரண்டு வயதில் மூன்றே வாரத்தில் படத்தை அச்சில் பார்த்து மகிழ்ந்தவன் நான் என்பதால், இந்தக் காத்திருப்பு என்னை எவ்வளவு வெட்கப்படுத்தியது என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

எல்லாரும் காத்திருப்பார்கள் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. அதே நியூயார்க்கில், டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தின் மேல் விளக்குகளைப் பொருத்தி, தூரத்தில் நின்று வழிப்போக்கர்களின் முகங்களை அவர்கள் அறியாமல் எடுத்துக் காட்சிக்கும் விலைக்கும் வைத்த பிலிப்-லோர்கா டிகார்சியா மேல், படத்தில் இருந்த முதியவர் ஒருவர் தம் மத நம்பிக்கைக்கு அது விரோதம் என்று வழக்குப் போட்டார். 2006-இல் நீதிமன்றம் அதைக் கலை என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது. நம் நாட்டில் அந்தரங்கத்தைப் பற்றிய முக்கியமான தீர்ப்புக்களில் ஒன்று ஒரு தமிழ் வாரப் பத்திரிகையின் பெயரோடு சேர்ந்தது; 'ஆட்டோ சங்கர்' சிறையில் எழுதிய சுயசரிதத்தை 'நக்கீரன்' வெளியிடலாமா என்ற வழக்கில், 1994-இல் சுப்ரீம் கோர்ட், அரசாங்கம் முன்கூட்டித் தடுக்க முடியாது என்றும், அதே மூச்சில், பிறர் தொந்தரவின்றித் தனித்திருக்க ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை உண்டு என்றும் சொல்லிற்று. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கூடி அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஸ்திரப்படுத்தினார்கள். ஆயினும், தெருவில் நிற்பவனின் முகத்தை எடுக்கலாமா என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் தேடுபவன் பாதி வழிதான் போவான் என்பது என் அபிப்பிராயம். எடுக்கும்போது அனுமதி கேட்டால் படம் போய்விடும், சரி. அச்சுக்குக் கொடுக்கும்போது கேட்கலாமே? நெகடிவாக என் பெட்டியில் இருக்கும்வரை அது என் கண் பார்த்தது. அச்சில் ஏறிவிட்டால் அது அவருடைய முகம், ஊர் பார்ப்பது.

அச்சுக்குப் போகாமலே இருந்துவிட்டால் தோஷம் இல்லையே என்று கேட்கலாம். சிகாகோவில் பணக்கார வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்த விவியன் மையர் அப்படித்தான் இருந்தார். என் 'யாஷிகா'வைப்போல் குனிந்து பார்க்கும் 'ரோலிஃபிளெக்ஸ்' காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தார். எத்தனையோ சுருள்களைக் கழுவக்கூட இல்லை. வாடகை கட்டாத கிடங்கிலிருந்து அவருடைய பெட்டிகள் 2007-இல் ஏலத்துக்கு வந்தன. 2009-இல் அவர் இறந்தார். உலகம் கொண்டாடியது அதற்குப் பிறகு. அந்தப் படங்களில் சிகாகோவின் பிச்சைக்காரரும் சீமாட்டியும் ஒரே அன்போடு பார்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர் ஒருவருக்கும் துரோகம் செய்யவில்லை. ஆனால், அந்த முகங்களுக்குச் சொந்தக்காரர்கள், தங்களை இவ்வளவு கருணையோடு ஒருத்தி பார்த்தாள் என்பதை அறியாமலே போய்ச் சேர்ந்தார்கள். அதுவும் எனக்கு நிறைவாக இல்லை.

1983-ஆம் வருஷத்துத் தீபத்தின்போது, வெட்டப்படாத சதுரப் படம் ஒன்றைப் பத்தங்குலத்துக்குப் பெரிதாகப் போட்டு, அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். மூன்று நாள் தேடி, கடைசியில் ஒரு தரகர் அடையாளம் காட்டினார். செங்கம் பக்கத்து ஆள். இந்தத் தடவை வாங்க வந்திருந்தார். நடந்ததைச் சொல்லி, பத்திரிகையில் வந்ததையும் சொல்லி, படத்தைக் கொடுத்தேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். சந்தோஷப்படுவார் என்றும் உள்ளூர ஆசைப்பட்டேன். அவர் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு மறுபடி முன்பக்கம் பார்த்து, "மாடு எங்க தம்பி?" என்றார்.

"மாட்டைத்தான் வித்துட்டீங்களே அய்யா, ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

"அஞ்சு நிமிஷம் முன்னால வந்திருக்கக் கூடாதா? எட்டு வருஷம் எங்கூட உழுத மாடு. நாங் கெடக்குறேன், நா எங்கியும் போயிடல. அதயில்ல நீ எடுத்திருக்கணும்!"

எந்தக் க்ஷணத்தை நிர்ணயமானது என்று நான் கருதினேனோ, அது அவர் கணக்கில் ஐந்து நிமிஷம் தாமதம். அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. படத்தைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடு பார்க்கப் போய்விட்டார்.

நாற்பது வருஷமாக எடுத்த படங்களிலிருந்து எண்பதைத் தேர்ந்து ஒரு நூலாகப் போட வேண்டும் என்று நண்பர்கள் இரண்டு வருஷத்துக்கு முன் வற்புறுத்தியபோது, படத்தில் இருப்பவரையோ அவர் குலத்தவரையோ கண்டு சம்மதம் வாங்காமல் ஒன்றையும் சேர்ப்பதில்லை என்று நிபந்தனை போட்டுக்கொண்டேன். அறுபத்தோரு பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது; மற்றவை பெட்டிக்கே திரும்பின. இருவர் வேண்டாம் என்றார்கள், அவற்றையும் எடுத்துவிட்டேன். செங்கம் பக்கத்துக் கிராமத்துக்கும் போனேன். அவர் காலமாகிப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. மகன், அறுபதை நெருங்குகிறவர், என்னைக் கூடத்தில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். சுவரில், மாலை போட்ட சட்டத்துக்குள், என் படம் இருந்தது.

என் படம் என்று சொல்வது சரியில்லை. அவர் நின்ற இடம் அதுவே, பார்வை அதுவே, கயிறும் அதுவே. கயிற்றின் மறுமுனையில் ஒரு மாடு நின்றது. கொம்பு சீவி, நெற்றியில் குங்குமம் வைத்த, திடகாத்திரமான வெள்ளை மாடு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் ஏற்றி, சந்தைக் கூட்டத்தை அகற்றிவிட்டுப் பின்னால் ஒரு பச்சை வயலையும் வைத்திருந்தார்கள். அப்பா கடைசிவரை அந்தக் குறையைச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்றும், அவர் போனபிறகு படத்தை டவுனுக்கு எடுத்துப்போய், கம்ப்யூட்டரில் மாடு சேர்த்துத் தரச்சொல்லிப் பதினாறாம் நாளுக்கு வைத்ததாகவும் மகன் சொன்னார். பிறகு தயங்கி, "எங்க மாடு மயிலை சார். ஸ்டூடியோக்காருகிட்ட வெள்ளதான் இருந்துதாம்" என்றார்.

உள்ளதை உள்ளபடி எடுத்தோம், ஒன்றைச் சேர்க்கவில்லை, ஒன்றை நீக்கவில்லை என்பதே எங்கள் தொழிலில் கௌரவம் என்று நாற்பது வருஷம் நம்பியவன் நான். அந்தச் சட்டத்துக்கு முன்னால் நிற்கையில், கயிற்றை வெட்டிய பத்திரிகையின்மேல் எனக்கு இருந்த கோபம் இந்த மாட்டின்மேல் வரவில்லை. நூலில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "தாராளமாப் போடுங்க. மாட்டோட இருக்கறதப் போடுங்க" என்றார். இரண்டையும் போடுகிறேன், எதிரெதிர்ப் பக்கத்தில், என்றேன். யோசித்துச் சரி என்றார்.

போன மாதம் சென்னையில் அச்சகத்துக்குப் போயிருந்தேன். நூல் முழுவதும் கறுப்பு வெள்ளை. ஆகவே அந்த இரண்டாவது படத்திலும் வயலின் பச்சை போய் எல்லாம் சாம்பல் ஆகியிருந்தது. யந்திரத்திலிருந்து இறங்கிய ஈரத் தாளை ஃபோர்மேன் விளக்கு மேஜையில் விரித்தார். இடப்பக்கத்தில் கயிறு, ஓரம் வரை, வெட்டுப்படாமல் வந்திருந்தது. வலப்பக்கத்து மாடு வெள்ளை வெளேரென்று நின்றது. மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன், படம் நன்றாக வந்திருக்கிறது என்று. கறுப்பு வெள்ளை என்று கேட்டதும் ஒரு க்ஷணம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப, அத மயிலையாக்க முடியுமா சார்?" என்றார். ஃபோர்மேனிடம் கேட்டேன். பிளேட்டை மாற்ற வேண்டாம், அந்தப் பக்கத்துக்கு மட்டும் மை கொஞ்சம் கூட்டினால் போதும் என்று சொல்லி, சாவியைத் திருகிவிட்டு யந்திரத்தை ஓட்டினார். ஐந்தாவது தாளில் சரியாக இல்லை. பத்தாவது தாளை எடுத்து என்னிடம் நீட்டி, "இந்தக் கலரா சார் மயிலை?" என்று கேட்டார்.